இணையத்தளத்துக்குத் தம் பெயரைத் தந்த புஷ்பம் அம்மையாருக்கு

களனிக்கரை தேயிலை, வாசனைத் திரவிய நிலையத்தின் கண்ணும் காவலுமாய்க் கால் நூற்றாண்டு கடந்த கண்ணியமே, அதட்டாமல் ஆண்ட அலுவலகத் தலைவியே, பண்பிலும் பணியிலும் பழுதறியாத பெருந்தகையே, யட்டியாந்தோட்டை நகர் மறவாத புஷ்பம் இராமையா அம்மையாரே, வணக்கம்.

பிரியாவிடை மடலில் பண்புகளை அடுக்கிப் பாடுவது வழக்கம். எங்களால் அது முடியவில்லை. சென்ற ஆண்டு நடந்த ஒன்றின் அதிர்ச்சி இன்னும் எங்கள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. ஆகவே உங்களை நோக்கிப் பேசுவதைச் சற்று நிறுத்திவிட்டு, வந்திருக்கும் பெரியோருக்கு அதைச் சொல்லப் போகிறோம். நீங்கள் கூச்சப்பட்டு எழுந்து போய்விடக் கூடாது.

சபையோரே, புஷ்பம் அம்மையார் றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தந்தை றப்பர்ப் பால் வெட்டியவர். தமிழும் சிங்களமும் ஒரே வயதில் அவர் நாவில் ஏறின. எங்கள் முதலாளி ஸம்சுதீன் ஹாஜியார் கடைவீதியில் ஒற்றை அறையில் தேயிலை பொதி செய்யத் தொடங்கிய நாளில் எழுதுவினைஞராக வந்து, அலுவலகத் தலைவியாக உயர்ந்தார். கணினியோடு அவருக்கு ஒட்டுறவு கிடையாது. ஆனாலும் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் நேரடியாகக் கேட்டு வாங்க நமக்கொரு இணையத்தளம் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தவர் அவர்தான்.

தளத்தை உருவாக்கியவர் எங்கள் கணினிப் பிரிவு ஷாமிளா. உருவாக்கினால் போதாது, அதைக் குடியமர்த்த வேண்டும். ஓயாமல் இயங்கும் பெரிய கணினியில், அதாவது சேர்வரில், வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். கொழும்பு நிறுவனம் ஒன்று பல விதமாய் இடம் தந்தது.

“ஆக மலிவானதுல ஒரே சேர்வர்ல பல பேரோட வெப்சைட் இருக்குங்கக்கா,” என்றார் ஷாமிளா.

“யாரு யாரு இருப்பாங்க?” என்று கேட்டார் அம்மையார்.

“அது நமக்குத் தெரியாதுங்க.”

“தொடக்கந்தானே தங்கச்சி, மலிவானதையே எடுங்க,” என்றார் முதலாளி. அம்மையாரும் சரி என்றார். புதிதாய்த் தளம் தொடங்குவோர் பலரும் செய்வதுதான் அது. தளத்தின் முகவரி எங்கள் தேயிலைப் பொதிகளில் அச்சாகிக் கடைவீதி முழுக்கப் பரவியது. ஜேர்மனியிலிருந்தும் ஒரு கடைக்காரர் கறுவாவும் தேயிலையும் கேட்டு எழுதத் தொடங்கினார்.

பிறகு அந்தக் காலை வந்தது. வடக்கில் யுத்தம் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. அலுவலகத்தைத் திறந்து, ஓர்டர் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தளத்தைத் திறந்த ஷாமிளா, “அக்கா” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டே அம்மையார் எழுந்து ஓடினார்.

தேயிலைக் கொழுந்துப் படம் இருந்த இடத்தில் கறுத்த திரை. நடுவில் துப்பாக்கி ஏந்திய உருவம். கீழே நாட்டையும் படையினரையும் ஏசும் வரிகள், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் முகவரி.

“நீ எதையாவது தொட்டியா?”

“இல்லீங்கக்கா, சத்தியமா இல்ல. பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ள விடுதில்ல.”

கொழும்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலிவான இடத்துக்கு மின்னஞ்சலில் மட்டுமே பதில் தருவார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதில் வருமுன் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. எங்கள் பொதியில் இருந்த முகவரியைத் தட்டிப் பார்த்த யாரோ முறையிட்டிருந்தார்கள்.

கடைவீதி அப்படியே நின்றது. எதிர்க் கடைக்காரர் துலாத்தட்டைப் பிடித்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: “இந்த வெப்சைட்டுக்குப் பொறுப்பு யார்?”

ஷாமிளா நாற்காலியிலிருந்து எழ முயன்றார். அம்மையார் அவர் தோளில் கை வைத்து அமர்த்தினார். “நான்தான் மாத்தயா,” என்றார். ஷாமிளா அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். அம்மையார் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

விசாரணைக்குப் போகும் தமிழர் எப்போது திரும்புவார் என்று எவராலும் சொல்ல முடியாத காலம் அது. நாங்கள் வாசலில் நின்றோம். பொதி செய்யும் ஹஸன், “அக்காவுக்குக் கம்பியூட்டர ஓன் பண்ணக்கூடத் தெரியாதே,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி அவரை ஒரு வாங்கில் உட்கார வைத்தார். எந்தத் தோட்டம், வடக்கில் உறவினர் உண்டா, யார் சொல்லி இதைப் போட்டீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. அம்மையார் தெளிந்த சிங்களத்தில் பதில் சொன்னார். குரல் நடுங்கவில்லை. முழங்கால்கள்தான் நடுங்கின, இரு கைகளாலும் அவற்றை அழுத்திக்கொண்டு இருந்தேன் என்று பின்னர் எங்களிடம் சொன்னார்.

“பல பேர் கூட்டாக இருக்கிற இடம் மாத்தயா அது. யாரோ ஒருத்தர் பக்கத்தால் புகுந்து எல்லார் பக்கத்தையும் நாசம் பண்ணியிருப்பார்கள்.”

“அப்படியென்றால் அந்த மற்றவர்கள் யார்?”

அம்மையாருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அந்த நொடியில்தான் தன் மனம் விட்டுப்போனது என்றார்.

இங்கே ஷாமிளா அழுது முடித்திருந்தார். ஒரு சேர்வரில் வேறு எந்தத் தளங்கள் குடியிருக்கின்றன என்று தேடித் தரும் வழி ஒன்று இணையத்தில் உண்டு. அதில் தேடி, கிடைத்த முகவரிகளைக் கையிலேயே எழுதிக்கொண்டார். “நானும் வாறேன்,” என்றார் முதலாளி. இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

பொறுப்பதிகாரி நம்பாமல்தான் முதல் முகவரியைத் தட்டினார். கேகாலையில் ஒரு சிங்களவரின் கல்யாண மண்டபம். அதே கறுத்த திரை. அடுத்தது ஒரு பல் வைத்தியர். அதே துப்பாக்கி. மூன்றாவது, பௌத்த விகாரை ஒன்றின் அறநெறிப் பாடசாலை. பிள்ளைகள் வெள்ளையுடையில் நிற்க வேண்டிய இடத்தில் அதே உருவம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு கொழும்புக்கு அவரே தொலைபேசி எடுத்தார். இம்முறை எடுத்துப் பேசினார்கள். அந்த மலிவுச் சேர்வர் முழுவதுமே கள்ளமாய்த் திறக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார்கள்.

பொழுது சாயும் வேளையில் அம்மையார் வெளியே வந்தார். “வீட்டுக்குப் போங்க அம்மே,” என்றாராம் பொறுப்பதிகாரி. அம்மையார் நேரே அலுவலகத்துக்குத்தான் வந்தார். தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தோம். அதைக் குடிக்காமல், ஆறும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் பயந்திருந்தார் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் முதலாளி, “வெப்சைட்டும் வேணாம், ஒண்டும் வேணாம்,” என்றார். அடுத்த மூச்சில், “இல்லாட்டி முழுச் சேர்வரையும் நாங்களே எடுப்போம்,” என்றார். அம்மையார் இரண்டுக்கும் இசையவில்லை.

“முழுசா எடுத்தா அதப் பூட்டித் தொறக்க, பழுது பாக்க ஆள் வேணும். நம்மகிட்ட ஷாமிளா ஒருத்திதான் இருக்கா. நடுவுல ஒரு வகை இருக்குனு சொல்றா. ஒரே சேர்வர அறையறையாத் தடுத்துத் தனித்தனியாக் குடுக்குறாங்க, நம்ம பக்கத்துக்கு நம்ம பூட்டு. நமக்கு வர்ற ஓர்டருக்கு அது போதும். ஆனா தினமும் நம்ம தளத்த இன்னொரு எடத்துல பிரதி எடுத்து வைக்கணும். கூப்புட்டா ஆள் பேசணும்.”

மூன்று நிறுவனங்கள் விலை சொல்லின. அவர் விலையைப் பார்க்குமுன் பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் மூன்றுக்கும் தொலைபேசி எடுத்தார். ஒன்றில்தான் ஒருவர் எடுத்து, பொறுமையாய்ப் பேசினார். அங்கேதான் இன்று நம் தளம் இருக்கிறது. ஜேர்மனிக் கடைக்காரரும் அந்தத் திரையைப் பார்த்திருந்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதினோம். அவர் இன்றுவரை திரும்பவில்லை. வேறு சிலர் வந்திருக்கிறார்கள்.

இனிச் சொல்லப் போவது இந்த வாரம் நடந்தது. தளத்தின் வாடகையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஜீப் வந்த அன்றைக்குப் பிறகு, நிறுவனப் பதிவில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அம்மையார் தம் பெயரையே பதியச் சொல்லியிருந்தார். ஓய்வுபெறுகிறாரே என்று ஷாமிளா அதை அழித்துத் தன் பெயரைத் தட்டத் தொடங்கினார். அம்மையார் விசைப்பலகை மேல் கை வைத்தார்.

“நீங்க இனி வேலையிலேயே இல்லையேக்கா,” என்றார் ஷாமிளா.

“வேலதான் முடியுது. யுத்தம் முடிஞ்சி இன்னும் ஒரு வருசம்கூட ஆகல. நீ கல்யாணம் கட்டப் போற புள்ள. எம்பேரே இருக்கட்டும். பொலிஸ் கூப்புட்டா நான் போய்ட்டு வாறேன்.”

ஜீப் வந்த அன்றைக்கு உறைந்து நின்றோமே, அதைவிட அதிகமாய் உறைந்து நின்றோம்.

புஷ்பம் அம்மையாரே, மீண்டும் உங்களை நோக்கியே பேசுகிறோம். உங்கள் முழங்கால்கள் இனி ஒருபோதும் நடுங்காதிருக்கட்டும். நல்ல உடலோடும் நிறைந்த மனதோடும், உற்றார் சூழ ஊர் போற்ற நெடுங்காலம் வாழுங்கள். உங்கள் சொல்லை நாங்கள் மீறியதில்லை. இன்று முதல்முறையாக மீறியிருக்கிறோம். இந்த மடலை வாசிக்குமுன் பொறுப்பாளர் பெயரை மாற்றிவிட்டோம். ஷாமிளாவின் பெயரையும் போடவில்லை. ஒருவர் பெயருக்கு மட்டுமே அங்கே இடம் உண்டு என்றார்கள். முதலாளி தம் பெயரைக் கொடுத்தார். கூப்பிட்டால் அவரோடு நாங்கள் எல்லோரும் போவதாய் இருக்கிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
களனிக்கரை நிலையப் பணியாளர்கள்
யட்டியாந்தோட்டை, 2009 மார்கழி