வான்கூவர்லருந்து இருவத்தஞ்சு மணி நேரம்

இல்லீங்க தம்பி, வெரசா ஓட்ட வேண்டாமுங்க. பன்னண்டு மணிக்குத்தான் பிளைட்டு. அவிநாசி தாண்டிட்டா ஏர்போர்ட்டுக்கு ஒரே ரோடுதானுங்களே. மெதுவாவே போங்க.

ஆமாங்க, கனடாவுலருந்துதான். வான்கூவருங்க. எம் பையன் இளங்கோ அங்க கம்ப்யூட்டர் வேலைல இருக்கறான். பதிமூணாயிரம் கிலோமீட்டர் வருமுங்க. டெல்லி வர்றதுக்கே பதினாலு மணி நேரம். அங்க எட்டு மணி நேரம் சும்மா உக்காந்துருக்கோணும். அப்பறம் கோயமுத்தூருக்கு மூணு. கூட்டிப் பாத்தா இருவத்தஞ்சு. பனியன் கம்பெனில முப்பது வருசமா பேக்கிங் நாந்தானுங்க. எந்த ஊருக்குப் பொட்டி எப்பப் போயிச் சேரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

லீவுக்கெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுக்காரி சென்னம்மா இன்னைக்கு வெடியால எட்டு மணிக்குப் போயிட்டா. கிட்னிங்க. அட, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. எனக்கே அழுகை வல்லீங்க. ஏன்னு தெரியல. யாரோ இட்லி குடுத்தாங்க, ரெண்டு தின்னேன். ருசிகூட தெரிஞ்சுது.

பையன் வந்தாத்தான் எடுக்கோணும்னு சனமெல்லாம் பந்தல்ல உக்காந்துருக்குது. அவ தங்கச்சி மாரக்காதான், நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க மாமான்னு உங்க வண்டியச் சொல்லி ஏத்தி உட்டா.

நேத்துக் காலைல டாக்டர் கைய விரிச்சுட்டாருங்க, ஊட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு. கட்டல்ல படுக்க வெச்சதும், பையன் எங்கன்னு கேட்டா. பிளைட்டு ஏறிட்டான்னேன். அப்பறம் கண்ணு முழிக்கறப்ப எல்லாம் அதேதான், எங்க வர்றான், எங்க வர்றான். கடலுக்கு மேலன்னேன். டெல்லில எறங்கிட்டான்னேன். கடைசியா, இன்னும் நாலு மணி நேரந்தான்னேன். அவனுக்குச் சோறு வெக்கச் சொல்லுன்னா. அவ்வளவுதானுங்க.

ஏனுங்க? ஆமா, அவன் போன் நம்பர் இருக்குது. இல்ல, கூப்பிட வேண்டாமுங்க.

எங்க தொழில்ல ஒரு பழக்கமுங்க. தெச்ச பனியனெல்லாம் அயர்ன் டேபிள்லயே கெடக்கும். பாரின் பார்ட்டிக்கு, சரக்கு ஏறிருச்சு சார்னு மெயில் போட்டுருவோம். மறுநா கேட்டா, துபாய் தாண்டிருச்சு சார்னு சொல்லுவோம். அதுக்குள்ள ராவும் பகலுமா ஓட்டி ஏத்தி உட்டுருவோம். எப்படியும் போயிச் சேந்துருமுங்க. அதனால அது பொய்யின்னே எனக்குத் தோணினது இல்ல.

அப்படித்தானுங்க, அவ கேட்டதும் ஏறிட்டான்னு வாய்ல வந்துருச்சு. இளங்கோ வல்லீங்க தம்பி. அவன் ஏறவே இல்ல. விசா பேப்பரெல்லாம் அந்த நாட்டு ஆபீசுல கெடக்குதாமா, வெளிய வந்தா மறுக்கா உள்ள உட மாட்டாங்களாமா. வர்றேன்னுதான் போன்ல அழுதான். நாந்தான் வராதடான்னேன். அம்மாவ நான் பாத்துக்கறேன்னேன்.

இதா, மாரக்காதான் கூப்பிடறா. நீங்க வண்டிய ஓரங்கட்டி ஒரு வார்த்த பேசறீங்களா? பிளைட்டு லேட்டுன்னு சொல்ல வேண்டாமுங்க. பையன் வரமாட்டான், எடுத்தர்லாமுன்னு. நான் பேசுனா, எறங்கிட்டான்னுதான் வாயில வரும்.