நாலாவது டிஸ்க்

உங்கள் கடையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது, பாய். பர் துபாயின் பழைய கட்டடங்களில் பாதிக் கடைகளில் ஏசியின் சத்தம்தான் வரும், காற்று வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாளே, என் மனைவி தேவகனி, அவளும் உள்ளே வந்தவுடன் அதைத்தான் சொன்னாள். இங்கே பேசுவது அங்கே கேட்காது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ. தங்கை ரினியின் கல்யாண வீடியோ. அதில் அவளுடைய அப்பா ஜெபம் பண்ணுகிறார். அவர் இப்போது இல்லை. அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகியிருக்கவில்லை. போன வாரம் பழுதான டிஸ்குகளை உங்களிடம் கொடுத்து, அது மட்டும் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் போகட்டும் என்று அவள் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இன்று நீங்கள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஒரு டிஸ்கின் மூலைகள் நசுங்கியிருக்கின்றன, நடந்ததை உள்ளபடி சொன்னால் வேலைச் சீட்டில் எழுத வசதியாக இருக்கும் என்றீர்கள். நியாயமான பேச்சு. வைத்தியரிடம் மறைத்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம். ஆகவே முறையாகவே சொல்கிறேன்.

நானும் உங்கள் தொழிலுக்கு ஓரத்தில் இருப்பவன்தான். துபாயில் ஒரு கம்பெனியில் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்கிறேன். வாடகை குறைவு என்று அஜ்மானில் வீடு. கம்பெனியில் கழித்துக்கட்டிய ஒரு சர்வரைக் கேட்டு வாங்கி வந்து, துடைத்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் நாலு டிஸ்குகளைப் போட்டு, ஒன்றாகக் கோத்து, ரெய்டு அமைத்தேன். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினேன். நாலு பேர் ஒரு பீரோவைத் தூக்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் கையை விட்டாலும் மற்ற மூவரும் தாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது ஆளும் விட்டால் பீரோ காலில் விழும். அவ்வளவுதான் என்றேன்.

மாமியார் விசிட் விசாவில் வந்து எங்களோடு இருக்கிறார்கள். "அது சரி மருமவனே, இந்தப் பெட்டி என்ன செய்யும்?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் ஆகாம பாத்துக்கும், மாமி."

"இப்பவும் ஒண்ணும் ஆகலியே."

"அதான் மாமி, அது பாத்துக்கிடுது."

மாமி தேவகனியைப் பார்த்தார்கள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இவங்களும் அப்படித்தாம்மா. சும்மா இருப்பாங்க, கேட்டா பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அந்தக் கல்யாணத்துக்கு எங்களால் போக முடியவில்லை. தேவகனி நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, லீவு மஃபி, கிடையவே கிடையாது, என்று சொல்லிவிட்டார்கள். அவளைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் நானும் டிக்கெட்டை ரத்து செய்தேன். மாமா அடுத்த மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். இவள் ஊருக்குப் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்து கல்லறையில் பூ வாடிக்கிடந்தது. அதிலிருந்து இவளுக்கு ஆஃப் கிடைக்கும் நாளெல்லாம் அந்த வீடியோதான். அம்மாவும் மகளும் சோபாவில் உட்கார்ந்து அழுவார்கள். போட்டுக் கொடுப்பது நான். டீ போடுவதும் நான். ஒருநாள்கூட எழுந்து போனதில்லை.

நீண்ட ஜெபம், பாய். பந்தி ஆறிப்போகிற அளவுக்கு நீளம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்தார். பஹ்ரைனில் குதைபியாவில் இருக்கும் மகன் ஜெனினையும், அவனுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கபிலையும், அவனோடு ரூமில் இருக்கும் பிள்ளைகளையும் ஆசீர்வதித்தார். தேவகனியையும், நின்று நின்று வீங்கும் அவள் கால்களையும், அவள் வார்டில் படுத்திருக்கும் அன்னிய தேசத்து வியாதியஸ்தரையும் நினைத்தருளச் சொன்னார். வாழ்க்கையில் கடலைத் தாண்டாத மனிதர், அரபு நாட்டுச் சாலைகளில் போகிற வாகனங்களுக்காகவெல்லாம் மன்றாடினார். மகள் அனுப்பிய வாஷிங் மெஷினுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். சமையல்காரரைச் சொன்னார். ஜெனரேட்டர்காரரைப் பெயர் சொல்லி, அவர் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வாஷிங் மெஷினைப் பார்த்து வாங்கி, கார்கோவில் போட்டு அனுப்பியவன் நான். இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். ஜெபம் என்பது ஆண்டவருக்கும் மனிதருக்கும் நடுவில் உள்ளது. அதில் மருமகன் பெயர் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. தேவகனியும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை.

பெருநாள் விடுமுறைக்கு ஜெனின் பஹ்ரைனிலிருந்து எங்களிடம் வந்தான். இங்கிருந்து நேராக ஊருக்கு லீவில் போவதாக ஏற்பாடு. பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துத்தான் கட்டினான். சாப்பாடு முடிந்து வழக்கம்போல வீடியோ ஓடியது. வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களே, நம் சர்வரின் அருமையைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. மாமா ஜெபத்தில் ஊன்றி நிற்கும்போது எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த சர்வரிலிருந்து நாலாவது டிஸ்கை உருவினேன்.

ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்கு மூச்சுகூடத் தடைப்படவில்லை. அவர் பாட்டுக்கு ஜெனரேட்டர்காரரிடம் போய்விட்டார். இவ்வளவு நன்றாக அமைத்துத் தொலைத்திருக்கிறேனே என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

"பாத்தீங்களா, ஒண்ணை எடுத்துட்டேன். ஓடுது" என்றேன்.

ஜெனின் என் கையில் இருந்ததைப் பார்த்தான். "அப்ப இது இத்தன நாளும் சும்மாதான் இருந்துச்சா, அத்தான்?"

"சும்மா இல்ல. ஒண்ணு போனா..."

"ஒண்ணு போனாலும் ஓடுதே" என்றார்கள் மாமி. "மூணு போதும்னா நாலாவது என்னத்துக்கு? பிள்ள ஊர்ல வீட்டுக்கு கேமரா மாட்டணும்னு சொல்லிக்கிட்டே கெடக்கான்லா. அவன்ட்ட குடுத்து விடுங்க."

இந்த நாட்டில் நம் வீடுகளில் உள்ள வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பொருள் சும்மா இருக்கிறது என்று யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் அது ஊருக்குப் போகிறவரின் பெட்டிக்குள் போய்விடும். டார்ச், போர்வை, ஷாம்பு, சும்மா இருக்கும் டிஸ்க், எல்லாம் ஒன்றுதான். அதுவும் மச்சினன் கேட்டால், இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தேவகனியே அதை ஒரு துண்டில் சுற்றி, பால்பவுடர் டின்னுக்கும் பாதாமுக்கும் நடுவில் சொருகினாள். ஜெனின் ஊரில் இறங்கியதும் அதை அழித்துக் கேமராவுக்குப் போட்டுவிட்டான். இப்போது அதில் அவன் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. மூன்று போதும் என்று குடும்பம் கூடி முடிவெடுத்த பிறகு நான் குறுக்கே நிற்பது மரியாதையில்லை. சர்வரின் முன்பக்கம் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறது, கிறிஸ்மஸுக்கு வைத்ததா என்று மாமி கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

பிறகு சில சில்லறை வேலைகள். ஒரே வீடியோ நாலு இடத்தில் கிடப்பது எனக்குப் பிடிக்காது. தேவகனியின் போனில் இடமில்லை என்று சொல்லி அதில் இருந்ததை அழித்தேன். கல்யாணத்தின்போது கொடுத்த ஒரே பென்டிரைவை ரினி எங்களுக்கே அனுப்பியிருந்தாள், அதில் பாட்டு ஏற்றி காரில் போட்டேன். ஊரில் வீடியோ எடுத்தவருக்கும் போன் பண்ணி, நலம் விசாரித்து, பழைய பதிவு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் எப்போதோ அழித்தாயிற்று, அண்ணே, என்றார். நல்லது என்றேன்.

ஒரு காலையில் தேவகனி டியூட்டிக்குப் போயிருந்தாள். மாமி பக்கத்து பிளாட்டில் ஜெபக்கூட்டத்தில் இருந்தார்கள். நான் சர்வரைத் தூசி தட்டினேன். தட்டும்போது இரண்டாவது டிஸ்க் கையோடு வந்துவிட்டது. கை தவறி விழுந்தது. ஹாலில் மீனா பஜாரில் வாங்கிய தடித்த கார்பெட், அதில் ஒன்றும் ஆகவில்லை. போட்டுப் பார்த்தேன், ஓடியது. அதைக் குளியலறைக்கு எடுத்துப் போனேன். அங்கே டைல்ஸ். அங்கே கை தவறியது. சந்தேகம் வேண்டாமே என்று இன்னொரு தரமும் தவறியது. நீங்கள் பார்த்த நசுங்கல்கள் அவைதான். பிறகு மாட்டியபோது உள்ளே பல்லி கத்துகிறமாதிரி ஒரு சத்தம் வந்தது.

இதைப் பாடமாகத்தான் நினைத்தேன், பாய். நாலாவது டிஸ்க் எதற்கு என்று அவர்களுக்குப் புரியவேண்டும். ஜெனினுக்குக் கொஞ்சம் திட்டு விழவேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை.

திட்டு விழுந்தது. "நீ வாங்கிட்டுப் போகாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாங்கடா" என்று தேவகனி போனில் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் தேம்பினான். மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மக்களே, எங்களுக்குத்தான் வெளங்கல" என்றார்கள். நான் எவ்வளவு பாடுபட்டு அந்தப் பெட்டியை அமைத்தேன் என்று தேவகனி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். அதில் என் பெயர் இரண்டு தரம் வந்தது. ஓடாத பெட்டிக்குக் கிடைத்த மரியாதை ஓடிய பெட்டிக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இவள் சாப்பிடுவதில்லை. ஆஃப் நாளில் அணைந்த டிவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவள் வார்டில் வேலை செய்யும் ஹிஃப்ஸா என்ற பெண்தான் உங்கள் கடையைச் சொன்னது. இன்று தேவகனி வழியெல்லாம் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே வந்தாள். நான் கார் ஓட்டினேன்.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், அந்த டிஸ்கின் உள்பாகத்தை மாற்றியாயிற்று, எல்லாம் வந்துவிட்டது, ஒரு பெரியவர் ஜெபிக்கும் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், முழுதாக ஓடுகிறது என்று. உங்கள் கைக்குப் புண்ணியம். நான் நன்றாகத்தான் அமைத்திருந்தேன் என்பதற்கும் அது சாட்சி.

அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு உதவி. உங்களிடம் நல்ல ஹெட்போன் இருக்கிறது. எங்கள் டிவியில் சத்தம் தெளிவாக இருக்காது. வாஷிங் மெஷினுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சமையல்காரரிடம் போவதற்கு முன்னால் மாமா ஒருமுறை இருமுகிறார். அந்த இருமலுக்கு அடியில் ஏதோ சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வெகுநாளாக ஒரு எண்ணம். மற்றபடி எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது. இறந்துபோன மனிதரிடம் யாராவது கோபிப்பார்களா?

சத்தத்தைக் கூட்டிவைத்து அந்த இடத்தை மட்டும் கேளுங்கள். செல்வசிங் என்று என் பெயர் கேட்டால் உடனே அவளிடம் கொடுத்துவிடுங்கள். கேட்காவிட்டால், நீங்கள் அதை ஏற்றி வைத்திருக்கிறீர்களே, அந்தப் புது டிஸ்க், அதை ஒரு நிமிடம் என் கையில் கொடுங்கள்.