விசிறிக்குக் கீழ் நாற்காலி

— இல்ல தம்பி, அத அடிச்சிட்டு முதல்லேருந்து எழுது. “சங்கத் தலைவர் காளியப்பன் அவர்களுக்கு. நேற்றைய கூட்டத்திற்கு வந்திருந்தவர்கள்: மேசையின் தலைப்பக்கத்தில் நீங்கள். உங்களுக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, பண்டார் தெங்காரா நூலகர் சந்திரமதி. கதவோரம், பெக்கான் நானாஸ் நூலகர் செல்வராணியாகிய நான்.”

— யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு தலைவருக்குத் தெரியாதாக்கா? அவரும் அங்கதானே இருந்தாரு.

— தெரியட்டும். போன வருசம் வரைக்கும் விசிறிக்குக் கீழ நான்தான். நேத்து போனா, அவ உட்கார்ந்திருக்கா. “வாங்கக்கா”ன்னு சிரிப்பு வேற.

— முதல்ல வந்தவங்க உட்காருவாங்க லா. வெயில் அப்படி.

— நீ அவ பக்கமா, கமலநாதன்?

— நான் இந்த நூலகத்து எழுத்தர்க்கா. உங்க பக்கம்தான். சொல்லுங்க.

— “சங்கத்தின் இரண்டு நூலகங்களுக்கும் இனி ஒரே வலைப்பூ போதும், எது என்று வாரக் கடைசிக்குள் முடிவு செய்வோம் என்றீர்கள். பண்டார் தெங்காரா வலைப்பூவில் வாசகர் கருத்துகள் குவிகின்றன, பெக்கான் நானாஸ் வலைப்பூவில் ஒன்றுகூட இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள்.” அந்த ‘எல்லார் முன்னிலையிலும்’ கீழ கோடு போடு.

— போட்டாச்சு.

— “தொடங்கிய நாள் முதல் நான் வாரம் தவறியதில்லை. புதிய நூல்கள், விடுமுறை, பிள்ளைகளுக்கான கதை நேரம் எல்லாம் முறையாக வந்திருக்கின்றன. சந்திரமதியோ நூலகத்துப் பூனையின் படத்தைப் போடுகிறார்.”

— அந்தப் பூன எனக்கும் பிடிக்கும்.

— தம்பி.

— சரி, சரி.

— நம்ம வெள்ளையம்மா இல்ல? புத்தகம் எடுக்கறது இங்க. அங்க போயி, “சந்திரமதி, பூன சாப்பிட்டுச்சா”ன்னு எழுதறாங்க. இங்க ஒரு வரி எழுதினா கை சுளுக்கிக்குமா? எழுது. “மேலும், ‘ஒரு நூல் ஒரு வாசகர்’ என்ற என் பகுதியை அவர் திருடினார்.”

— ‘திருடினார்’ கனமா இருக்குக்கா.

— கனமாத்தான் இருக்கணும். அந்தப் பகுதியோட முதல் பதிவ அச்செடுத்து இதோட வை. தேதி தெரியட்டும்.

— பழசத் தேடணும்னா வலைப்பூவுக்குள்ள போகணும். பாஸ்வேர்ட் போடுங்க.

— அந்தப் பக்கம் திரும்பிக்கோ. ம், போட்டாச்சு.

— அலமாக். இது என்னக்கா? ‘அனுமதிக்காகக் காத்திருப்பவை’. கீழ கீழ போய்க்கிட்டே இருக்கு.

— அது குப்ப. ஆரம்பத்துல ஒரே நாலு நம்பர் லாட்டரி விளம்பரமா வந்துச்சு. நான் அனுமதி குடுக்காம எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு மாத்தி வச்சேன்.

— மாத்தினது சரி. அப்புறம் யாருக்காச்சும் அனுமதி குடுத்தீங்களா?

— யாருமே எழுதலையே. யாருக்குக் குடுக்கறது?

— எழுதியிருக்காங்கக்கா. எல்லாம் இங்க நிக்குது. இந்தா, வெள்ளையம்மா. “பெரிய எழுத்துப் புத்தகம் இருக்குங்களா? கண்ணு முன்ன மாதிரி இல்ல.” அதுக்குக் கீழ மறுபடியும் அவங்கதான். “பதில் வரல. பரவால்ல, பண்டார் தெங்காராவுல கேட்டுக்கறேன்.”

— படிக்காத.

— “கதை நேரத்துக்குப் பிறகு என் மகன் தூங்கப் போறப்போ புத்தகம் கேக்கறான். நன்றி செல்வராணி அக்கா.”

— படிக்காதன்னு சொன்னேன். யாரு அது? இன்னொரு தடவ படி.

— ரூபேந்திரன்னு போட்டிருக்கு. அதுக்கு முந்தினது… அக்கா, இது சந்திரமதி எழுதினது. அவங்க வலைப்பூ தொடங்கறதுக்கு முன்னாடி.

— என்னவாம்?

— “அக்கா, உங்க ‘ஒரு நூல் ஒரு வாசகர்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்க நூலகத்துலயும் அப்படி ஒண்ணு செய்யலாமா? வேணாம்னா சொல்லுங்க, செய்ய மாட்டேன்.”

— அதுக்கு மேல ஒண்ணும் எழுதலையா?

— அவ்வளவுதான்க்கா. நீங்க வேணாம்னு சொல்லல, அவங்க செஞ்சிட்டாங்க. கடிதத்தக் கிழிச்சிடவா?

— கிழிக்காத, இங்க குடு. பேனாவையும். நீ உட்கார்ந்து எல்லாத்துக்கும் அனுமதி குடுத்துட்டு வா.

— சந்திரமதி எழுதினதுக்குமா? தேதியோட வெளிய வருமே.

— வரட்டும். அவ என்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சான்னு ஊரே படிக்கட்டும்.

— உங்கள ஒண்ணும் பண்ண முடியாது. ஐயோ, அதுக்குள்ள உறைய ஒட்டிட்டீங்களா? அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. திருட்டுன்னு எழுதி அனுப்பறது நியாயமில்ல.

— ‘திருடினார்’ அடிச்சிட்டு ‘கேட்டார்’னு எழுதிட்டேன்.

— அப்ப எந்த வலைப்பூ இருக்கட்டும்னு எழுதினீங்க?

— அவளோடது. கேட்டவங்களுக்குப் பதில் சொல்றவ நடத்தட்டும். இந்தா, தபால் வண்டி கிளம்பறதுக்குள்ள கொண்டு போய்ப் போடு.

— போறேன்க்கா. வேற ஒண்ணும் எழுதலையே?

— ஒரே ஒரு வரி. அடுத்த கூட்டத்துல விசிறிக்குக் கீழ இருக்கற நாற்காலி எனக்குன்னு. கோடு நானே போட்டுட்டேன்.