மேரிக்குத் தலை சீவிய கதை

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவள் பொங்கினாள்:

“மேரிக்குப் போய் தலை சீவி வுடுறியா ஸ்டெல்லா? உன்னப் பத்திப் பொய் சொல்லி, உன் சூப்பர்வைசர் வேலையப் புடுங்கிக்கினவளுக்கா?”

“கை ஒடிஞ்சு கட்டு போட்டுகினு தனியா கீறாக்கா. மன்னிக்கணும்னு ஏசப்பா சொல்லிட்டாரே, இன்னா பண்றது?”

“மனசார மன்னிச்சிட்டியா?”

“எங்க! சிக்கெடுக்கச் சொல்லோ வேணும்னே வெடுக்குனு இழுத்தேன்.”

“கத்தினாளா?”

“இல்லக்கா. ‘இன்னும் இழுடி, எனக்கு நல்லா வேணும்’னு அழுதா. அப்புறம் இழுக்கக் கை வரல. எண்ண வெச்சு மெதுவாப் பின்னி வுட்டேன்.”

மூத்தவள் குரலைத் தணித்துக் கேட்டாள்:

“நாளைக்கும் போவியா?”

“மல்லிப்பூ வாங்கிகினு வரணுமாம். திமிரப் பாரேன்!” என்று சிரித்தாள் ஸ்டெல்லா.