உயிரோடு இருப்பவளுக்கு ஊதிய கொம்பு

சிரிக்காமல் இருப்பதே தலைமைக்கு அழகு என்று நடுநாயகமாக அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய நூரியே பெரியவர் அவர்களே. அவருக்கு வலப்பக்கம் குடைநிழலில் வீற்றிருக்கும் மரியாள் கோயில் குருவானவர் அப்பா கிதானே அவர்களே. பள்ளத்தாக்கின் எல்லாக் கிரேக்களிலிருந்தும், சாவுக்குத் தோள் கொடுக்கும் அத்தனை சங்கங்களிலிருந்தும் சேறு மிதித்து, சரிவு ஏறி, மழையில் நனைந்து வந்திருக்கும் சான்றோர்களே. வெள்ளைப் போர்வைக்குள் கைக்குழந்தைகளையும் கவலைகளையும் ஒன்றாகப் போர்த்தி வைத்திருக்கும் தாய்மார்களே. காப்பிக்கொட்டை வறுபடும் வாசனைக்கு மூக்கையும், போனால் போகிறதென்று என் பேச்சுக்கு ஒரு காதையும் கொடுத்திருக்கும் இளைஞர்களே. மேடை ஓரத்தில், மடியில் ஒரு கொம்பை வைத்துக்கொண்டு, அதைத் தொடவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் உட்கார்ந்திருக்கும் என் அன்புக்குரிய திலாகுன் ஐயா அவர்களே. உங்கள் அனைவரையும் இந்த வொயின்ஷெத் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நான் தெசியே பட்டணத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள். மழைக்காலம் வந்தால் பள்ளிக்கூடம் பூட்டுவார்கள். பூட்டியதும் ஒரு மருத்துவத் தொண்டு அமைப்பின் வண்டியில் தொற்றிக்கொண்டு மலை மலையாகத் திரிவேன். சம்பளம் இல்லை. மருந்துப் பெட்டி சுமப்பேன், கத்தரிக்கோல் கொதிக்க வைப்பேன், அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வரவேற்புரை சொன்ன தம்பி என்னை 'வீரமங்கை' என்றார். அந்தப் பட்டத்தை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. பாலத்தைக் கண்டால் பயம், பாலம் இல்லாவிட்டால் அதைவிடப் பயம். மூடுபனியில் துப்பாக்கியோடு நிற்பவன் காவல்காரனா கொள்ளைக்காரனா என்று தெரிவதற்குள் என் உயிர் பாதி போய்விடும். நம் நாட்டுச் சாலையில் பயமே இல்லாமல் பயணம் போகிறவர் யார்? வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுகிறவர். வேறு யார்?

சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஒரே ஒரு கேள்விக்காக. உயிரோடு இருக்கிறவருக்குச் சாவுக்கொம்பு ஊதலாமா, கூடாதா? இதைக் கைதூக்கி முடிவு செய்யும் முன், போன மழைக்காலத்தில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று தலைவர் கட்டளையிட்டார். சொல்கிறேன்.

அன்று ஆற்றில் வெள்ளம். வண்டியை அக்கரையிலேயே நிறுத்திவிட்டு, எங்கள் மருத்துவச்சி சிஸ்டர் அஸ்கலேயும் நானும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்தாத குறையாக இக்கரை வந்தோம். காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஊருக்குள் நுழைந்ததும் லுபாபா அக்கா ஓடி வந்தார். "சிஸ்டர், திலாகுன் மக அல்கனேஷ் நேத்துலேர்ந்து நோவுல கெடக்குறா. புள்ள வரமாட்டேங்குது" என்றார்.

குடிசைக்குள் போனோம். சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கை அப்படியே நின்றது. அந்தக் கை நின்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

"புள்ள குறுக்க கெடக்கு. இங்க வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆஸ்பத்திரில வயித்தக் கீறித்தான் எடுக்கணும். இப்பவே தூக்கணும்."

யார் தூக்குவது? புருஷன் தூரத்து மெதெமாவில் எள்ளு வயலுக்குக் களை எடுக்கப் போயிருந்தான். வீட்டில் இருந்தது அப்பா ஒருவர். ஆற்றுவெள்ளத்தில் ஒருத்தியைத் தூக்கிக் கடக்க ஊரே வேண்டும். ஊர் எங்கே? உழவுக்காலம். ஒருவன் அந்தச் சரிவில், ஒருவன் இந்தச் சரிவில். எதிரில் நிற்பவன் முகம் தெரியாத பனி. நாங்கள் வாசலில் நின்று கத்தினோம். லுபாபா அக்கா கத்தினார். நான் பாடம் நடத்தும் குரலில் கத்தினேன். நாலா பக்கமிருந்தும் பதிலுக்குக் கத்தல் வந்தது. ஆனால் ஒருவரும் வரவில்லை. ஏன்? விதைத்ததைக் கிளற வரும் குரங்குகளை விரட்ட, காலையிலிருந்து மாலை வரை மலை முழுக்க எல்லாரும் கத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் கூக்குரலும் இன்னொரு குரங்கு விரட்டலாகப் போய்ச் சேர்ந்தது.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உள்ளே வந்தோம். அல்கனேஷ் கண்ணைத் திறந்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய கொம்பைப் பார்த்தாள். திலாகுன் ஐயாதான் உங்கள் கிரேயின் கொம்பூதி. யார் செத்தாலும் மேட்டில் நின்று ஊதுகிறவர் அவர்தான். அது ஊதினால் ஏரை விட்டுவிட்டு வர வேண்டும், வராதவன் வீட்டுச் சாவுக்கு நாளைக்கு நாய்கூட வராது.

"அப்பா, எனக்கு ஊதுங்க" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"செத்தா எல்லாரும் வருவாங்கல்ல? உசுரோட இருக்கும்போதே வரட்டும்."

சபையோரே, அந்தச் சொல்லைக் கேட்டதும் திலாகுன் ஐயா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "இது கூப்புட்டா மனுசங்க மட்டும் வரமாட்டாங்கம்மா. அவனும் வருவான். வந்தவன் வெறுங்கையோட போக மாட்டான்" என்றார். யார் அவன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

"அவன் ஏற்கெனவே இங்கதாம்பா உக்காந்திருக்கான். துணைக்கு ஆள் கூப்புடுங்க."

பெற்ற மகளுக்குச் சாவுக்கொம்பு ஊதும் தகப்பனை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். மேட்டில் ஏறினார். வாயில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு ஊதினார். அந்த ஓசை பனிக்குள் போய் மலையில் மோதித் திரும்பி வந்தபோது, குரங்கு விரட்டும் சத்தம் ஒன்று நின்றது, இன்னொன்று நின்றது, மலை முழுக்க அடங்கிவிட்டது. அந்த அமைதியைப்போல் என்னைப் பயமுறுத்தியது வேறெதுவும் இல்லை.

வந்தீர்கள். பனிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக வந்தீர்கள். பெண்கள் மாரடித்துக்கொண்டு, ஆண்கள் குழிவெட்ட மண்வெட்டியோடு, நான்கு பேர் பாடையைத் தோளில் போட்டுக்கொண்டு. வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தால், பிணம் உங்களைத் திரும்பிப் பார்க்கிறது. ஒருவர் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. பேயறைந்த மாதிரி நின்றீர்கள். பிறகு கோபம் வந்தது. "கொம்போட வெளையாடுறானா கெழவன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கல்லெடுக்க ஒருவர் குனிந்ததை நான் பார்த்தேன். நான் யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன் தெரியுமா? சிஸ்டர் முதுகுக்குப் பின்னால். அவர் என்னைவிடக் குள்ளம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இதோ இப்போது என்னை முறைக்கிறாரே, இதே முறைப்போடு நூரியே பெரியவர் உள்ளே வந்தார்.

"யாரு செத்தது?"

"நாந்தான் தலைவரே. இன்னும் இல்ல" என்றாள் அல்கனேஷ்.

பெரியவர் அவளைப் பார்த்தார், திலாகுன் ஐயாவைப் பார்த்தார். வெளியே திரும்பினார். "கொம்பு ஊதியாச்சு. ஊதுனா தூக்கணும். அதுதான கிரே? பாடைய வெறுமையா எடுத்துட்டுப் போன கிரே எங்கயாவது உண்டா? தூக்குங்கப்பா" என்றார்.

தூக்கினீர்கள். முஸ்லிம் தோள் இரண்டு, கிறிஸ்தவத் தோள் இரண்டு, பிணத்தைத் தூக்குவது போலவே. சிஸ்டர் பெண்களைப் பார்த்து, "ஒப்பாரிய நிறுத்தாதீங்க, அவ தூங்கிறக் கூடாது" என்றார். லுபாபா அக்கா எடுத்துக் கொடுத்தார்: பொறுமைக்குப் பிறந்தவளே, ஒருநாளும் குரல் உயர்த்தாதவளே என்று.

பாடையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "போன வாரந்தானக்கா ஒன் ஆடு மேஞ்சதுக்கு ஒன்கிட்ட கத்துனேன்."

"அதையெல்லாம் சாவுல பாட மாட்டாங்கடி. பேசாமப் படு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதார் அக்கா.

ஆமாம், சிரிக்கலாம். அப்போது நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் வந்தது பாருங்கள் அந்தப் பிழை. வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய மாட்டான். பாடை தூக்கிப் பழகிய நாம் மட்டுமே செய்வோம். வழி பிரியும் இடத்தில் வலப்பக்கம் இறங்கினால் ஆறு. இடப்பக்கம் ஏறினால் கோயில் கல்லறை. கண்ணுக்குப் பனி. தோளில் பாடை. காதில் ஒப்பாரி. கால்கள் என்ன செய்யும்? பழகிய பக்கம் திரும்பின. யாருக்கும் தெரியவில்லை. கோயில் வாசலில் தொங்கும் மணி தலைக்கு மேல் கடந்து போனபோது, மல்லாந்து கிடந்த அல்கனேஷுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அப்பா, எங்க கொண்டு வந்துட்டாங்க?"

ஒப்பாரி நின்றது. நான்கு தோள்களும் கல்லாய் நின்றன. திலாகுன் ஐயா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டான். கூட்டிட்டு வந்துட்டான். உள்ள வந்த பாடை வெளிய போகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கியவர்களில் ஒருவன் பாடையைக் கீழே வைக்கப் பார்த்தான். வைத்திருந்தால் மறுபடி யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் இந்த விரல் இன்றும் சரியாக மடங்குவதில்லை.

அப்போது கோயிலுக்குள்ளிருந்து குருவானவர் அப்பா கிதானே தூபத்தோடு வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

"ஏன் நின்னுட்டீங்க? இந்தக் கதவுக்குள்ள பொணம் மட்டுமா வருது? ஞானஸ்நானத்துக்குப் புள்ள வரல? வந்த புள்ள திரும்பிப் போகல? இந்தப் புள்ள கொஞ்சம் அவசரப்பட்டு அம்மா வயித்தோடயே வந்துருக்கு, அவ்வளவுதான். கொண்டு போங்க. முறைப்படி திரும்பக் கொண்டு வாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தூபக்காலை ஒரு பையனிடம் கொடுத்து, தானே ஒரு தோள் கொடுத்தார்.

ஆற்றைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றிரவு தூங்க மாட்டேன். இடுப்புக்கு மேல் செந்நீர். கரையிலிருந்து கரைக்குக் கயிறு. கயிற்றைப் பிடித்து ஊரே வரிசையாக நின்றது, தலைக்கு மேல் தூக்கிய கைகளின் மேல் பாடை நகர்ந்தது. நடு ஆற்றில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "டீச்சர், நான் இருக்கேனா?" என்றாள். "இருக்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். அக்கரை வரை அதுதான் பேச்சு. வண்டி ஏறினோம். ஆஸ்பத்திரி போனோம். விளக்கெரியும் அறைக்குள் அவளைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். திலாகுன் ஐயா வாசலில் உட்கார்ந்து, இருட்டும் வரை தன் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அல்கனேஷ், எழுந்து நில் அம்மா. வெட்கப்படாதே. தாய்மார்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள். அவள் முதுகில் கட்டியிருக்கிறாளே, அந்தச் சுண்டைக்காயின் பெயர் தெரெஃபெச். மிஞ்சியவள் என்று பொருள்.

கைதட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கேளுங்கள். அதன் பிறகு இந்த மழைக்காலத்திலேயே பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டு பேர் இப்படியே நோவில் கிடந்தார்கள். அங்கே கொம்பு இல்லையா? இருந்தது. தோள் இல்லையா? இருந்தது. ஊதத் துணிந்தவர் இல்லை. கடைசியில் ஊதினார்கள். ஊர் வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் வந்தது. எதற்கு வந்தது? குழி வெட்ட வந்தது. அந்தக் குழிகளின் ஓரத்தில் நானும் நின்றேன். மண் விழும் சத்தத்தை விட, இத்தனை தோள்கள் இருந்தனவே என்ற எண்ணம்தான் என்னைக் கொன்றது.

என்ன ஐயா? பின்னால் ஒருவர் கேட்கிறார்: பிரசவத்துக்கென்று வேறு மாதிரி, மெதுவாக ஊதலாமே என்று. நல்ல யோசனை போலத்தான் தெரியும். வேறு மாதிரி ஊதினால் நீங்களும் வேறு மாதிரிதான் வருவீர்கள். ஏரை ஓரமாக நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, குரங்கை விரட்டிவிட்டு வருவீர்கள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் சாவுக்கு வருவது போல வர வேண்டும். விழுந்தடித்து வர வேண்டும், வெறுங்காலோடு வர வேண்டும், பகையை வரப்பில் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படி நாம் வருவது இந்த ஓர் ஓசைக்குத்தான். ஆகவே இந்த ஓசையேதான் வேண்டும்.

அவன் வந்துவிட்டால்? அதுதானே எல்லார் நெஞ்சிலும் இருக்கிறது? என் நெஞ்சிலும் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வரட்டும். வந்து பார்க்கட்டும், ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறோம் என்று. தனியாக இருந்தால்தானே எடுத்துப் போவது அவனுக்கு எளிது?

திலாகுன் ஐயா அன்றிலிருந்து இந்தக் கொம்பை வாயில் வைக்கவில்லை. நீங்கள் கைதூக்கினால் இனி ஊதுகிறேன் என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். "எம் மக நல்லா வாழ்ந்து, நான் போனதுக்கப்புறம் என்னைக்கோ சாகும்போது, அவளுக்கு யாரும் ஊத வேணாம். அவளுக்கு ஊதியாச்சு. ஊதாமலே வாங்க" என்கிறார்.

வருவீர்களா? அப்படியென்றால் கைகளை உயர்த்துங்கள். தாய்மார்களே, நீங்களும்தான், தூக்கப்படுவது நீங்கள். தலைவர் அவர்களே, உங்கள் கையும் மேலே போகிறது, முறைப்பு மட்டும் இறங்கவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், காப்பியை ஆற விட்ட சகோதரிகளுக்கும் என் நன்றி. கடைசியாக எனக்கென்று ஒரு விண்ணப்பம். நான் தெசியேயில் தனியாக இருக்கிறவள். மழை விட்டாலும் விடாவிட்டாலும் உங்கள் சரிவுகளில்தான் திரிவேன், நடுங்கிக்கொண்டே திரிவேன். என்றாவது உங்கள் வழியில் நான் விழுந்து கிடந்தால், கண் மூடும்வரை காத்திருக்காதீர்கள். எனக்குக் காது கேட்கும்போதே ஊதுங்கள்.

வணக்கம்.