பதினாலாம் நம்பரின் ஐந்தாவது ஃபவுல்

அதெப்படி சார், பதினெட்டு நோட்டை மூடி அடுக்கி வெப்பீங்க, ஒண்ணை மட்டும் தொறந்து வெப்பீங்களாக்கும்? எந்தப் பக்கம்னு நான் சொல்லலாமா, இல்ல அதையும் உங்க காலேஜ் ஆபீஸ்லயே முடிவு பண்ணியாச்சா? பண்ணியாச்சு. ஃபைனல்ஸ். நெனச்சேன். முதல்ல உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது கண்ணு பாக்கறதுக்கு. அதுல யாரு உட்கார்ந்தாலும் கடைசி வரியைப் படிங்கன்னு என் வாய் தானா சொல்லிரும். இப்படி வாங்க.

புது கூடைப்பந்து அரங்கம் தொறக்கறீங்க, வாசல்ல கண்ணாடிப் பொட்டி வெக்கறீங்க, அதுக்குள்ள என் நோட்டு. சந்தோஷம்தான் சார், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு யோசனை. ஏழாவது நோட்டைத் தொறந்து வைங்களேன். மூணு தடவை கூடுதல் நேரம் போன மேட்ச்சு. இந்தப் பக்கத்தைப் பாருங்க. நீலம்னா பந்து உள்ள விழுந்துச்சு. சிவப்புன்னா தவறிருச்சு. பச்சை, பந்தை எடுத்துக் குடுத்தவன். தவறின பந்து வளையத்துல பட்டு எந்தப் பக்கம் போச்சுன்னு ஒரு சின்ன அம்புக்குறி. இதெல்லாம் டேபிள்ல உட்கார்ந்து எழுதற அசோசியேஷன் தாள்ல இருக்காது. அதுல பாயிண்ட்டு, ஃபவுலு, டைம் அவுட்டு, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து எத்தனை இலை போட்டாங்கன்னு மட்டும் சொல்ற மாதிரி.

வேணாமா? வர்றவங்க எல்லாரும் ஃபைனல்ஸைத்தான் கேப்பாங்களா. ம்.

இல்ல சார், சும்மா ஒண்ணும் நான் பார்க்கல. பத்தொம்பது சீசன். எறநூத்தி அறுபத்தெட்டு மேட்ச்சு. ரெண்டே ரெண்டுதான் விட்டேன். ஒண்ணு மஞ்சக்காமாலை. இன்னொண்ணு என் பொண்ணு பொறந்தன்னிக்கி. அதுவும் ரெண்டாம் பாதியை ஆஸ்பத்திரி வராந்தாவுல ஃபோன்ல கேட்டு எழுதிட்டேன். வீட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா, உங்களை நான் கட்டிக்கல, அந்தக் காலேஜுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன்னு.

பெரிய காலேஜ் டீமுன்னா டிவியில காட்டுவான், பாடுவான், ஆடுவான். நம்மளது மொத்தமே நாநூறு பேரு படிக்கற எடம். கேலரியில அறுபது பேரு இருந்தா கூட்டம்னு அர்த்தம். அதுல நாப்பது பேரு மழைக்கு ஒதுங்கினவங்க. மிச்சம் இருபதுல பதினஞ்சு, ஆடற பசங்களோட அப்பா அம்மா. அவங்கவங்க புள்ளையைத்தான் பாப்பாங்க, மேட்ச்சைப் பாக்க மாட்டாங்க. ஃபைனல்ஸை ஒரே ஒரு அம்மாதான் ஃபோன்ல படம் புடிச்சாங்க. அசோசியேஷன்ல வாங்கிப் பாத்தாங்களாம். நாப்பது நிமிஷமும் பெஞ்சுல உட்கார்ந்திருந்த அவங்க மகன்தான். தண்ணி குடிக்கறான், துண்டு மடிக்கறான், மறுபடி தண்ணி குடிக்கறான்.

அதனாலதான் சார் என் நோட்டு. வேற சாட்சி கெடையாது.

அது என்ன கையில, அட்டை? பொட்டியில ஒட்டறதா? குடுங்க பாப்போம். பறிக்கப்பட்ட வெற்றி. கீழ சின்ன எழுத்துல, ஸ்கோர் எழுதியவரின் பிழையை நிரூபிக்கும் ரசிகரின் குறிப்பேடு. அச்சடிச்சே கொண்டாந்துட்டீங்க. கெட்டியான அட்டை. நாள்பட நிக்கும்.

உங்க ஃப்ரேம் ஒரு பக்கம் தூக்கிட்டிருக்கே சார்? கழட்டுங்க. ரெண்டு நிமிஷம்தான், காசெல்லாம் ஒண்ணும் வேணாம். சாஞ்சு படுத்துக்கிட்டே படிப்பீங்க போல. இடது காதுப்பக்கம் வளைஞ்சிருக்கு பாருங்க. பதினாலாம் நம்பர் பையனும் இப்படித்தான், வாரத்துக்கு ஒண்ணை வளைச்சுக்கிட்டு வந்து நிப்பான். கொக்குன்னு கூப்புடுவோம். அவ்வளவு ஒசரம், அவ்வளவு கழுத்து. முதல் வருஷம் வந்தப்ப பந்தைப் போட்டா வளையத்துக்கு ஒரு முழம் தள்ளி விழும். எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் கூப்பிட்டு இந்த நாற்காலியில உட்கார வெச்சேன். மைனஸ் ஆறு சார்! வளையம் மூணா தெரியுதுண்ணே, நடுவுல இருக்கறதுல போடுறேன்னான். பின்னாடி பட்டை வெச்சு, அடிபட்டாலும் ஒடையாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தேன். அடுத்த மேட்ச்சுல முப்பத்தோரு பாயிண்ட்டு. பதினாறாவது நோட்டு, நாப்பதாம் பக்கம்.

இந்தாங்க, மாட்டிப் பாருங்க. இறுக்கமா இல்லையே? நல்லது.

அந்தக் கொக்கு இப்ப எங்க இருக்குன்னு தெரியுமில்ல. ஃபைனல்ஸ் முடிஞ்சு ரெண்டாம் மாசம் பெரிய காலேஜுக்குப் பறந்துருச்சு. சொல்லிக்கிட்டாவது போகலாம்ல? பேப்பர்ல பாத்தேன். கண்ணுல லென்ஸ் வெச்சுக்கிட்டு சிரிக்கறான். அவன் போன அதே மாசம் நம்ம கோச்சும் அங்கயே போயிட்டாரு. அவரும் சொல்லல. கடைக்கு நேர் எதிர்ல சார் உங்க காலேஜ் கேட்டு. பொட்டி படுக்கையோட வண்டியில ஏறினதை இந்தக் கண்ணாடி வழியாப் பாத்தேன். கையைத் தூக்கினேன். அவரு குனிஞ்சு வண்டி டயரைப் பாத்துக்கிட்டிருந்தாரு.

என்னமோ எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி என்னை விட்டுட்டுப் போனாங்க சார். ஆனா கொக்கு வெளியாளு. கோச்சும் வெளியாளு. அவங்க போனதுக்கு எனக்குக் கோவம் வரும், சாப்புட்டாப் போயிரும். போகாதது ஒண்ணு இருக்கு.

ஸ்கோர் எழுதியவர்னு அட்டையில போட்டிருக்கீங்களே, அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? போன மாசம்தான் வேலைக்குச் சேந்தீங்களா. அப்ப தெரிஞ்சிருக்காது. என் தங்கச்சி சார். கூடப் பொறந்தவ. ஒன்பது வயசு எளையவ. முதல் நோட்டுல முதல் ஆறு பக்கம் அவ கையெழுத்துதான். நான் பாத்துச் சொல்லுவேன், அவ எழுதுவா. பள்ளிக்கூடத்துப் பொண்ணு, பென்சிலைக் கடிச்சுக்கிட்டு. ஏழாம் பக்கத்துல ஒரு சண்டை. நான் நாப்பத்திரண்டுங்கறேன், அவ நாப்பத்தொண்ணுங்கறா. நீயே எழுதிக்கண்ணான்னு நோட்டைத் தூக்கி மடியில போட்டுட்டா. அவ சொன்னதுதான் சரி. அது வேற விஷயம்.

இப்ப ரத்தப் பரிசோதனைக்கூடத்துல வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சு எண்ணறதுதான் தொழில். எண்ணிக்கையில தப்பு விட்டா ஒருத்தருக்குத் தப்பு மருந்து போகும். அசோசியேஷன் ஸ்கோரர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணா. படம் ஒட்டி, முத்திரை குத்தி, கார்டு குடுத்தாங்க. இந்த வட்டாரத்துல டேபிள்ல உட்கார்ந்த முதல் பொம்பளை. நானா? நானும் எழுதினேன். பன்னெண்டாவது கேள்வி தப்பா கேட்டிருந்தாங்க. அது ஏன் தப்புன்னு விளக்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன், நேரம் முடிஞ்சுருச்சு. விடுங்க.

அவ டேபிள்ல, நான் மூணாவது வரிசையில. மேட்ச்சு முடிஞ்சு வெளியில வந்ததும் வாசப்படியில நின்னு ரெண்டு கணக்கையும் ஒத்துப் பாப்போம். எங்களைத் தவிர உலகத்துல யாருக்கும் அது தேவையில்ல. ஒத்துப்போச்சுன்னா டீ, என் செலவு. ஒத்துப்போகலைன்னா டீ, யாரு தப்போ அவங்க செலவு. பதினோரு வருஷத்துல அவ வாங்கிக் குடுத்தது ரெண்டே டீ.

ஃபைனல்ஸ் கதை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. இருந்தாலும் சொல்றேன், அட்டை ஒட்டப் போறவரு முழுசாத் தெரிஞ்சுக்கணும். ஒரு ஆளுக்கு அஞ்சு ஃபவுல் சார். அஞ்சாவது விழுந்தா வெளியில போய் உட்காரணும், எப்பேர்ப்பட்ட கொக்கா இருந்தாலும். ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு இருக்கு. நாம ஒரு பாயிண்ட்டு முன்ன. எதிராளி உள்ள பூந்து எகிறுறான், நம்மாளு பந்தைத் தட்டப் போயி அவன் மணிக்கட்டைத் தட்டிட்டான். விசில். ரெஃபரி விரலால பதினாலுன்னு காட்டறாரு. டேபிள்ல என் தங்கச்சி அஞ்சுன்னு எழுதின அட்டையைத் தூக்குறா. கொக்கு வெளியில. நாம மூணு பாயிண்ட்டுல தோத்தோம்.

கோச்சு அங்கயே குதிச்சாரு. ரெண்டாவது குவார்ட்டர்ல வளையத்துக்குக் கீழ ஒரு தள்ளுமுள்ளு நடந்துச்சே, அந்த ஃபவுல் பதினொண்ணாம் நம்பரு, முயல்னு கூப்புடற பையனுக்குப் போட்டது, அதை இந்தம்மா பதினாலுக்கு எழுதிட்டாங்க, அப்ப கொக்குக்கு நாலுதான்னாரு. ரெஃபரி தாள்ல இருக்கறதுதான் கணக்குன்னுட்டாரு. மறுநாள் காலேஜ்ல எழுத்துல புகார் குடுத்தாங்க. அன்னிக்கு வாசப்படியில நாங்க ஒத்துப் பாக்கல. கூட்டம் அவளைச் சுத்தி நின்னு கத்துது. ஒருத்தன் கண்ணு தெரியலைன்னா உங்கண்ணன் கடைக்குப் போன்னான். நான் நோட்டைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு பின் வாசல் வழியா வீட்டுக்கு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு கோச்சு கடைக்கு வந்தாரு சார். பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே எடம். டீ சொன்னேன், குடிச்சாரு. சுவத்துல மாட்டியிருந்த டீம் ஃபோட்டோ ஒவ்வொண்ணையும் நின்னு நின்னு பாத்தாரு. அப்புறம் என் தோள்ல கையை வெச்சு, நீங்க வெளியாளு இல்லைண்ணே, கோர்ட்டுல அஞ்சு பேருன்னா ஆறாவது ஆளு நீங்கதான்னாரு. பசங்க முகத்தைப் பாக்க முடியல, கோப்பை வராது, அது தெரியும், தப்பு எங்க பேர்ல இல்லைன்னாவது ஆகணும்னாரு. உங்க நோட்டுல நாலுதானேண்ணே இருக்கும்னாரு.

நான் நாலுன்னு சொல்லல. நல்லாக் கேட்டுக்கங்க. ம்முன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கடுதாசி தயாரா எழுதிக் கொண்டாந்திருந்தாரு. இன்னார், இத்தனை வருஷமாகக் குறிப்பெடுக்கிறேன், எனது குறிப்பின்படி பதினாலாம் எண்ணுக்கு நான்கு ஃபவுல்கள் மட்டுமேன்னு. படிச்சேன். தேதி தப்பா இருந்துச்சு, ஒரு நாள் முன்னாடி போட்டிருந்தாரு. அதை அடிச்சுத் திருத்தி, பக்கத்துல இனிஷியல் போட்டேன். மத்ததை அப்படியே விட்டுட்டுக் கீழ கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. நோட்டைக் கொண்டுபோயி அவங்க முன்னாடியே வெச்சேன் சார். ஒருத்தரு அதுமேல டம்ளரை வெச்சாரு. இன்னொருத்தரு, இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்கே பழைய வருஷத்துக் கணக்குல சந்தேகம்னா இவரைத்தானே கேக்கறோம், தொறந்து வேற பாக்கணுமான்னாரு. சிரிச்சாங்க. தப்பு ஸ்கோர் எழுதினவங்க பேர்லன்னு எழுதிக் கூட்டத்தை முடிச்சாங்க. இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்? பத்தொம்பது வருஷம் கலர் கலரா எழுதியிருக்கேன், ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாத்திருந்தா அந்த எடத்துலயே என் மானம் போயிருக்கும், அவ கார்டு பொழைச்சிருக்கும். நம்பறாங்களாம். நம்பிக்கைன்னா என்ன சார், தொறந்து பாக்கக்கூட தேவையில்லைன்னு மேல டம்ளர் வெக்கறதா?

இருங்க, முழுசாச் சொல்லிடறேன். நீங்களும் தொறக்காமலே அட்டை அடிச்சுட்டு வந்தவருதானே.

விசாரணைக்கு மறுநாள் காலையில அவ வந்தா. நான் ஒருத்தரு கண்ணாடிக்கு மூக்குப் பிடிப்பு மாத்திக்கிட்டிருந்தேன். என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நேரா அலமாரிக்குப் போனா, பத்தொம்பதாவதை எடுத்தா, ஃபைனல்ஸ் பக்கத்தைப் புரட்டினா. பதினாலுக்கு நேரா அஞ்சு கோடு போட்டிருக்கேன் சார். ரெண்டாவது குவார்ட்டர் ஃபவுலும் அதுல இருக்கு, எத்தனையாவது நிமிஷம்னு கூட எழுதியிருக்கேன். அவ எழுதினதும் அஞ்சு, நான் எழுதினதும் அஞ்சு. பேனாவுல. அப்புறம் என்ன எழுதுவேன்? நடந்ததைத்தானே எழுத முடியும்.

விரலை வெச்சு ஒவ்வொண்ணா எண்ணினா. லேப்ல எண்ணற மாதிரி, உதடு மட்டும் அசைய. எண்ணிட்டு மூடினா. எடுத்த எடத்துலயே, முதுகுப்பக்கம் வெளியில தெரியற மாதிரி, ஒழுங்கா வெச்சா. போயிட்டா.

நான் காத்துக்கிட்டிருந்தேன். அசோசியேஷனுக்குப் போயிருப்பா, அந்த நோட்டை வாங்கிப் பாருங்கன்னு சொல்லியிருப்பா, இப்ப ஆள் வரும், அப்ப ஆள் வரும்னு. ஒருத்தரும் வரல. அவ போனா, கார்டை மேசையில வெச்சா, என் தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. எட்டு மாசம் ஆச்சு. மேட்ச்சுக்கும் வர்றதில்ல, வீட்டுக்கும் வர்றதில்ல. எதிர்ல வந்தா ஒதுங்கி வழி விடறா. எட்டு மாசமா ஒரு ஆள்கிட்டக்கூட மூச்சு விடல.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார், அவ? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்ல? இப்படி விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு?

சரி, உங்களுக்கு வேலை இருக்கும். இந்தாங்க பத்தொம்பது. பொட்டியில எந்தப் பக்கம்னு தேட வேணாம். கீழ வெச்சுக் கையை எடுங்க, அதுவாவே அந்தப் பக்கத்துலதான் தொறக்கும்.