சீழ் வைக்காத புண்

நல்லதண்ணியிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் கைக்குழந்தை.

“புண்ணுல சீழ் வைக்கலன்னுதான் டாக்டருக்குப் பயமாம்க்கா. அதான் கண்டி ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேக்கச் சொல்லிட்டாரு.”

“சீழ் வைக்காட்டி நல்லதுதானே?”

“நானும் அப்படி நெனச்சுத்தானே தொப்புள் புண்ண ஒரு மாசம் வீட்டுலயே வச்சுப் பாத்தேன்.”

“ரத்தத்துல ஏதும் கொறையா?”

“வெள்ளை அணு நெறையவே இருக்காம். புண்ணு இருக்கிற எடத்துல ரத்தக்குழாய்ச் செவுத்த ஒட்டிப் புடிச்சுத்தான் அது வெளிய வரணுமாம். அப்படி ஒட்டவைக்கிற புரதம் இவனுக்குப் பொறப்புலயே இல்லையாம். அதனால ரத்தத்தோடயே ஓடிக்கிட்டு இருக்காம். அது வெளிய வந்து கிருமியோட சண்ட போட்டாத்தான் சீழே வைக்குமாம்.”

“வேற என்ன சொன்னாரு?”

“சொந்தத்துல கட்டினீங்களான்னு கேட்டாரு. அக்கா தங்கச்சி ரெண்டு பேருமே ஒரே மாமன் வீட்டுக்குத்தான் வந்தோம்னு சொன்னேன்.”

பஸ் மஸ்கெலியாவைத் தாண்டியதும் அக்கா குழந்தையின் சட்டையை விலக்கித் தொப்புளைப் பார்த்தாள்.

“எம் மூத்தவனுக்கும் சீழே வைக்கல. அவன் செத்த அன்னிக்குக் காலையிலகூட புண்ணத் தொடச்சுப் பாத்துட்டு, சுத்தமா இருக்குன்னுதான் கொழுந்தெடுக்கப் போனேன்.”